கரண்ட் மிஷினும் மஞ்சள் கயிறும்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு சொர்ணத்தக்கா வந்தாள். கையில் ஒரு தூக்கு, அதன் மேல் வெள்ளைத் துண்டு. உள்ளே நுழைந்த வேகத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். பம்பாய் செம்பூரில் எங்கள் பில்டிங்கில் ராத்திரிக்கு முன்னால் கதவைச் சாத்தினால் ஒன்று சண்டை, இல்லாவிட்டால் ரகசியம்.

"இந்தாட்டி, அரிசி. ரேஷன் அரிசி இல்ல, நல்ல அரிசி. வச்சுக்கோ. ஒண்ணும் நெனைக்காத."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா கேக்க? கழுத்தப் பாத்தாலே தெரியுதே! எல்லாருக்கும் வாரதுதான். எங்க கடை படுத்தப்போ நானும் இப்படித்தான் கெடந்தேன். உங்க வீட்டுக்காரருக்கு வேலை கீலை போயிட்டோ?"

அப்போதுதான் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். புது மஞ்சள் கயிறு. அதில் ஒரு விரலி மஞ்சள் துண்டு. நம்மவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா என்ன? தங்கத் தாலி அடகுக்கடைக்குப் போனால் அந்த இடத்துக்கு மஞ்சள் வரும். சொர்ணத்தக்கா ஒரு பார்வையிலேயே எங்கள் குடும்ப நிலவரத்தை முடிவு கட்டிவிட்டாள்!

"அக்கா, இது அடகு இல்ல. ஆப்பரேஷன்!"

"தாலிக்கு எங்கயாவது ஆப்பரேஷன் உண்டா?" என்று கேட்டாள் அவள். நியாயமான கேள்விதான்.

விஷயத்தை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். பில்டிங்கில் பாதிப் பேருக்குத் தப்பாகத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்காவது சரியாகத் தெரியட்டும்.

என் கழுத்தின் வலப்பக்கம் ஒரு மரு இருந்தது. கல்யாணமான புதிதில் கடுகளவு. பிறகு மிளகளவு. இந்த வருஷம் கொண்டைக்கடலை அளவுக்கு வந்து, காம்பு வைத்துத் தொங்க ஆரம்பித்தது. அது இருந்த இடமோ, தாலிச் செயின் சரியாகக் குறுக்கே போகிற இடம். குனிந்தால் உரசும், குளித்துவிட்டுத் துவட்டினால் மாட்டும். செயினை ஒரு இழுப்பு இழுத்தால் பொட்டு ரத்தம் வரும். ரவிக்கையின் கழுத்தில் கறை, புடவைத் தலைப்பில் கறை... பம்பாய் வெயிலில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் கோயிலுக்கும் கடைக்கும் போனதைப் பார்த்து, எவ்வளவு அடக்கமான பெண் என்று நாலு பேர் மெச்சிக்கொண்டார்கள்!

வைத்தியம் பார்க்காமல் இல்லை. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்தேன். மருவைச் சுற்றியிருந்த தோல் வெந்தது, மரு அப்படியே இருந்தது. குதிரை வால் முடியைக் கட்டினால் விழுந்துவிடும் என்றார்கள். என் கணவர் தாதரில் ஒரு விக்டோரியா வண்டிக்காரனிடம் கெஞ்சி முடி வாங்கி வந்தார். குதிரை உதைத்ததா இல்லையா என்று இன்று வரை அவர் சொல்லவில்லை. ஊர் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொண்டேன். மரு எதற்கும் அசையவில்லை.

சிரித்துச் சிரித்துச் சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. வளர்கிறது, ரத்தம் வருகிறது... பெயரைச் சொல்லக்கூட வாய் வராத அந்த வியாதியாக இருக்குமோ? நான் அதை வெளியில் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் முகத்தில் சோப்பு நுரையோடு வந்து என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஷேவ் செய்யப் போவார்.

அவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியில் அக்கவுண்ட்ஸ் ஆபீஸர். சாமி, சகுனம், ஜாதகம் எதிலும் நம்பிக்கை கிடையாது. கிடையாது என்றால் சும்மா கிடையாதா? ஊரைக் கூட்டிச் சொல்கிற கிடையாது! பூனை குறுக்கே போனால் நான் தயங்குவேன். "அதுக்கும் லோக்கல் ட்ரெய்னைப் பிடிக்க வேண்டாமா? வழிய விடுட்டி" என்பார்.

கடைசியில் மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டர் இருக்கிறார், கரண்ட் வைத்து மருவைச் சுட்டு எடுக்கும் மிஷின் வைத்திருக்கிறார் என்று யாரோ சொல்லிப் போனோம். பார்ஸி டாக்டரம்மா. நரைத்த பாப் தலை, கட்டைக் குரல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், விரலால் நெருடினார், ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

"குச் நஹீ! வெறும் சதை. செயின் உரசுது, தோல் வளருது. பயப்பட ஒண்ணும் இல்ல."

அப்பாடா! அன்றைக்கு பஸ் ஸ்டாப்பில் இவர் எனக்கு மல்லிகைப்பூ வாங்கித் தந்தார், ஒரு முழம் கேட்டால் மூன்று முழம். சந்தோஷத்தைச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கரண்ட் சமாசாரம் என்பதால் உடம்பில் உலோகமே இருக்கக்கூடாது, நகையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்பது உத்தரவு. வியாழக்கிழமை ரெண்டு மணி... ராகு காலம்! நான் மெல்ல இழுத்தேன்.

"ராகுவுக்கு மாட்டுங்கால என்னட்டி வேலை?" என்றார் இவர். அதோடு பேச்சு முடிந்தது.

அன்று காலையில் வளையல், தோடு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றினேன். மூக்குத்தி திருகு வரமாட்டேன் என்று அரை மணி படுத்திவிட்டு வந்தது. எல்லாவற்றையும் நகைப்பெட்டியில் போட்டு அலமாரியில் பூட்டினேன். பொட்டு நகை இல்லாமல் டாக்டரம்மாவின் மேஜையில் ஏறிப் படுத்தேன். அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தார்.

"அரே! நகையெல்லாம் நிகால்னா போலா தா நா?"

"எல்லாம் கழட்டிட்டேன் டாக்டர்."

"அப்போ இது என்ன?"

"இதா? இது தாலி."

"கோல்டுதானே?"

நீங்களே சொல்லுங்கள், தாலி நகையா? நகைகளை எண்ணும்போது யாராவது தாலியையும் சேர்த்து எண்ணுவார்களா? சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை. காது, மூக்கு, கை, கால் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். கழுத்து மட்டும் கணக்கிலேயே வரவில்லை. இத்தனைக்கும் ஆப்பரேஷன் கழுத்தில்!

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். மரு செயினுக்கு அடியிலேயே இருக்கிறது. செயின் தங்கம். கரண்ட் ஊசி அதில் பட்டால் கழுத்தைச் சுட்டுவிடும். ஐந்து நிமிஷ வேலை, கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

திரைக்கு அந்தப் பக்கம் காத்திருந்த ஒரு மராத்தி அம்மாள் எட்டிப் பார்த்தாள். தன் கழுத்துக் கருகமணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நை நை பாயி!" என்று தலையை ஆட்டினாள். அவர்கள் பக்கத்தில் மங்கள்சூத்திரம் அறுந்தால்கூட அறுந்தது என்று சொல்லமாட்டார்களாம், பெருகியது என்றுதான் சொல்வார்களாம். "எங்க ஊர்லயும் பெருகிப்போச்சுன்னுதான் சொல்லுவோம்!" என்றேன் நான். படுத்தபடியே உறவு கொண்டாடினேன்.

"ரெண்டு பேரும் வெளியில போய்ப் பெருகுங்க. எனக்கு வேற பேஷண்ட் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இவர் வேறு பக்கத்தில் நிற்கிறார். நான் மாட்டேன் என்றால் வருஷம் முழுக்கக் கேலி செய்தே கொன்றுவிடுவார். அதோடு... இந்த மரு போகவேண்டும். இந்தக் கறையும் எரிச்சலும் போதும். சாமி மன்னிக்கட்டும். எழுந்து உட்கார்ந்து, செயின் கொக்கியை அவிழ்க்கப் பிடரிக்குக் கையைக் கொண்டு போனேன்.

சட்டென்று ஒரு கை என் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது அந்தக் கை.

"இரு" என்றார் இவர்.

"என்ன?"

"கொஞ்சம் இருட்டி."

முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப் போயிருந்தது. விடுவேனா நான்?

"என்னங்க, ராகு மாட்டுங்காவுக்கு வந்துட்டாரா? உசுர் மேல ஆசை வந்துட்டோ?"

அவர் சிரிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் ஐந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டார். அந்தம்மா தோளைக் குலுக்கிவிட்டு வெளியே போனார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உசுருக்குப் பயம் இல்லட்டி. எங்க அப்பா போன பொறவு காரியம் நடந்துது பாரு, அன்னைக்கு அம்மைய நடு வீட்டுல உக்கார வச்சிருந்தாவ. சின்னப் பயலுவல்லாம் வெளிய போங்கலன்னு வெரட்டிட்டாவ. நான் போகல. நெல்லு மூட்டைக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். அம்மை கழுத்துல கைய வச்சாவ. அவ ரெண்டு கையாலயும் தாலியப் புடிச்சிக்கிட்டா. விடவே மாட்டேன்னா. வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சில்லா எடுத்தாவ..."

ஸ்டூலின் விளிம்பை நகத்தால் நிமிண்டினார்.

"நீ இப்ப பொறத்தால கையக் கொண்டு போனியா, எனக்கு அந்த வெரலுதான் தெரிஞ்சுது. இன்னொருக்கா ஒரு வெறுங் கழுத்தப் பாக்க என்னால ஆவாது."

பதினாலு வருஷக் குடித்தனம். இந்த மனிதரின் சம்பளம், சட்டை அளவு, குறட்டை எல்லாம் எனக்கு மனப்பாடம். இதை மட்டும் அவர் சொன்னதே இல்லை. நம்பிக்கை இல்லாதவருக்குப் பயமும் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! நம்பிக்கை வேறு, பயம் வேறு. ஒன்று போனால் இன்னொன்றும் கூடவே போய்விடுமா என்ன?

"போவட்டும் விடுங்க. மரு இருந்துட்டுப் போவுது. வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"அதெப்படி? தெனமும் ரத்தம் வருது. அதையும்தான் என்னால பாக்க முடியல." எழுந்தார். செருப்பை மாட்டினார். "இங்ஙனயே இரு. எங்கயும் போவாத. இந்தா வந்துட்டேன்."

போனவர் திரும்பி வந்தது வேர்க்க விறுவிறுக்க, ஒரு பெரிய பொட்டலத்தோடு. பிரித்தால்... விரலி மஞ்சள், மஞ்சள் கயிறு, குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம், கதம்பம்! மாட்டுங்கா மார்க்கெட்டில் பூஜைச் சாமான் கடைக்காரர், "யாருக்கு சார் கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறார். இவர், "எனக்குத்தான்" என்றிருக்கிறார். கடைக்காரர் இவருடைய நரைத்த கிருதாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பழத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டாராம்.

டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்த்து மிரண்டுபோனார். "யே க்யா? இங்கே பூஜை பண்ணப் போறீங்களா?"

"நோ டாக்டர். டெம்பரரி தாலி" என்றார் இவர், அக்கவுண்ட்ஸ் ஆபீஸர் மிடுக்கோடு. "டர்மரிக். நான்-கண்டக்டர்!"

அந்தம்மாவின் கட்டைக் குரல் சிரிப்பு மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். "பஹுத் அச்சா! கட்டுங்க, ஜல்தி!"

இவர் கயிற்றில் மஞ்சளைக் கோத்தார். என் முன்னால் வந்து நின்றார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதைச் சொறிந்தார்.

"டாக்டர்... மூணு மணி ஆகட்டுமே?"

"ஏன்? மூணு மணிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல டாக்டர். பிளானட்ஸ்ல கொஞ்சம் டிராஃபிக்."

எனக்கு வந்த சிரிப்பில் மேஜையிலிருந்து விழுந்திருப்பேன். பூனைக்கு வழி விட்ட ஆசாமி ராகுவுக்கும் வழி விட்டார்! சரி, அந்த நேரத்துக்கு டாக்டரம்மா மராத்தி அம்மாளின் முழங்கையைப் பார்த்து மருந்து எழுதினார். அந்த அம்மாளோ சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல், கல்யாணம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

மூணு மணி அடித்தது. மாப்பிள்ளை மூன்று முடிச்சுப் போட்டார். மூன்றாவதை இவர்தான் போட்டார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். முதல் கல்யாணத்தில் அதை நாத்தனார் போட்டாள். மராத்தி அம்மாள் எனக்குக் குங்குமம் இட்டாள். "எங்க கல்யாணத்துல அரிசி வாரி வீசுவோம். இங்கே இதுதான் இருக்கு" என்று டாக்டரம்மா பஞ்சைப் பிய்த்து எங்கள் தலையில் போட்டார். ஸ்பிரிட் வாசனையோடு ஒரு அட்சதை!

கயிறு கழுத்தில் ஏறின பிறகுதான் தங்கம் இறங்கியது. கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இல்லை. கொக்கியை இவரே பின்னால் நின்று அவிழ்த்தார். எதிரே மருந்து அலமாரிக் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் அவிழ்த்தார்.

மற்றதெல்லாம் சின்னச் சமாசாரம். கயிற்றை இடப்பக்கம் ஒதுக்கி பிளாஸ்திரி போட்டு ஒட்டினார்கள். மரத்துப்போக ஒரு ஊசி. 'உய்ங்' என்று ஒரு சத்தம். முடி பொசுங்குகிற நாற்றம். அவ்வளவுதான்! இங்கே கிடக்கிறது பார் என்று டாக்டரம்மா ஒரு தட்டைக் காட்டினார். கருகிப்போன ஒரு துணுக்கு. இதற்காகவா இத்தனை நாள் தலைப்பைப் போர்த்திக்கொண்டு திரிந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. வலியால் இல்லை. விட்டது சனி என்று வந்த அழுகை அது.

கை கழுவிக்கொண்டே டாக்டரம்மா ஒரு புதுச் செய்தி சொன்னார். அமெரிக்காவில் லேசர் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்களாம். ஊசி கிடையாது, கரண்ட் கம்பி கிடையாது, வெறும் ஒளிக்கீற்று! அதை வைத்தே தோலைச் சுட முடியுமா என்று சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். நம் ஊருக்கு வர எத்தனை வருஷம் ஆகுமோ, நம் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றார்.

இவர் கேட்ட ஒரே கேள்வி: "அதுக்கும் தாலியக் கழட்டணுமா டாக்டர்?"

ஒரு வாரத்துக்குக் கழுத்தில் உலோகம் படக்கூடாது, கயிறு மட்டும் இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் சொர்ணத்தக்கா அரிசியோடு வந்துவிட்டாள். இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டாள். தலையை ஆட்டினாள். "சரிட்டி, சரி. ஆப்பரேஷன்தான். யாரும் கேட்டா நானும் அப்படியே சொல்லுதேன்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அரிசியை மட்டும் திருப்பி எடுத்துப் போகவில்லை. நல்ல அரிசி, வடித்தால் பொலபொலவென்று வந்தது.

நேற்று டாக்டரம்மா பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, இனி செயின் போடலாம், ஆனால் கொஞ்சம் மெல்லிசாகப் போடு என்றார். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். நகைப்பெட்டியில் பழைய வளையல் இருந்தது, ஜிமிக்கி இருந்தது, முத்துமாலை இருந்தது. தாலியைக் காணோம்.

தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். இல்லை. அன்றைக்கு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர் இவர்தானே? ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம்தான்... சொர்ணத்தக்கா சொன்னது நிஜமோ? எனக்குத் தெரியாமல் அடகுக்கடைக்குப் போய்விட்டாரோ? இந்த ஒரு வாரமாக இந்தப் புழுக்கத்திலும் வீட்டுக்குள் சட்டையைக் கழற்றாமல், கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி நடமாடினாரே...

ஆபீஸிலிருந்து வந்தவரை வாசலிலேயே மடக்கினேன்.

"என்னங்க, தாலி எங்க?"

"இருக்கு."

"இருக்குன்னா எங்க இருக்கு?"

உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். மேல் பட்டனைக் கழற்றினார். அடுத்த பட்டனையும் கழற்றினார். பனியனுக்கு மேலே, அவர் கழுத்தில், என் தாலி!

ஒரு வாரமாக அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ்ஸில் தொங்கியிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டுதான் விக்ரோலி ஃபாக்டரியில் ஜெனரல் மேனேஜரோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க இது கூத்து!"

"பொட்டியில வைக்க மனசு வரலட்டி." குரல் தணிந்திருந்தது. "தாலின்னா கழுத்துல இருக்கணும்னுதானே சொல்லுதாவ? எந்தக் கழுத்துன்னு யாரும் சொல்லலையே!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டையும் செய்தேன். இத்தனை வருஷத்தில் இந்த மனிதரை இவ்வளவு பிடித்திருந்த நாள் வேறு இல்லை. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு இதில் என்ன கூச்சம்?

"மஞ்சளக் கழட்டாத. மொதல்ல இதப் போட்டுக்கோ" என்று குனிந்து நின்றார். நான் கொக்கியை அவிழ்த்தேன். செயின் கிடந்த இடம் முழுக்க, பிடரியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. அவர் அதைப் பரபரவென்று சொறிந்துகொண்டார்.

"அம்மாடி! என்னமா அரிக்கி இது! எப்படித்தான் போட்டுக்கிட்டு இருக்கியளோ!"

கேட்டீர்களா தோழிகளே? ஒரே ஒரு வாரம்... அதற்குள்ளேயே!